தாய்லாந்து ஜெனரலின் மார்புப் பதக்கங்களைப் படிப்பது எப்படி?

தாய்லாந்து ராணுவத் தளபதி ஒருவர் வெள்ளை விழா உடையில் நிற்கும் படத்தை எடுத்துப் பாருங்கள். தோளிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டை, இடப்பக்க மார்பில் நட்சத்திரங்கள், அதற்கு மேலே நெருக்கமாகத் தொங்கும் பதக்கங்கள், போதாததற்கு இறக்கை வைத்த பேட்ஜுகள். இவ்வளவையும் போரில் வாங்கினாரா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இல்லை. பாதிக்கு மேல் பணிமூப்பில் தானாக வந்தவை, கொஞ்சம் அரசரின் சொந்த விருப்பத்தில் வந்தவை, ஒன்றிரண்டு மட்டுமே துப்பாக்கிச் சத்தத்தோடு சம்பந்தப்பட்டவை. எது எந்த வகை என்று பிரித்துவிட்டால் அந்த மார்பை ஒரு வாழ்க்கைக் குறிப்பாகவே படிக்கலாம். கட்டுரை எழுதுபவர்கள், பழைய பதக்கம் சேர்ப்பவர்கள், வினாடி வினாவுக்குத் தயாராகிறவர்கள், யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

உதாரணத்துக்கு ஜெனரல் பிரேம் தின்சுலானோனை எடுத்துக்கொள்கிறேன். 1920-இல் சோங்க்லாவில் பிறந்தவர், குதிரைப்படை அதிகாரி, 1978 முதல் 1981 வரை தரைப்படைத் தளபதி, 1980 முதல் 1988 வரை பிரதமர், 1998 முதல் 2019-இல் இறக்கும்வரை அரச ஆலோசனைக் குழுவின் தலைவர். பூமிபோல் மன்னர் 2016 அக்டோபரில் மறைந்த பிறகு புதிய மன்னர் பொறுப்பேற்கும் வரையான சில வாரங்கள் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்தார். பதக்கப் பட்டியலின் எல்லா வகைக்கும் இவரிடம் எடுத்துக்காட்டு உண்டு என்பதால் பழகுவதற்கு இவரைவிட வசதியானவர் கிடைக்க மாட்டார்.

முதல் வேலை: பேட்ஜுகளை ஓரம் கட்டுங்கள்

பாராசூட் இறக்கைகள், பயிற்சிப் பள்ளிச் சின்னங்கள், காவல் படைப்பிரிவுச் சின்னங்கள், வெளிநாட்டு ராணுவங்கள் மரியாதைக்குக் குத்திவிட்ட இறக்கைகள், தோளில் தொங்கும் பொன்னிறக் கயிறுகள் எதுவும் அரச விருது அல்ல. மெய்க்காவல் அதிகாரி பதவி கௌரவமானதுதான், ஆனால் அது பதவி. புதிதாகப் பார்க்கிறவர்கள் இவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்து "நாற்பது பதக்கம் வாங்கியவர்" என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் இதைக் கழித்துவிட்டால் மிச்சம் கையாளும் அளவுக்கு வரும்.

அடுத்து, ஏணியைக் கண்டுபிடியுங்கள்

தாய்லாந்தில் அரசு வேலையில் இருக்கும் ஏறக்குறைய எல்லோரும் ஏறும் ஏணி ஒன்று உண்டு. அதன் ஒரு கால் வெள்ளை யானை ஆர்டர் (ஆர்டர் என்றால் அரசர் பெயரால் தரப்படும் விருது வரிசை), மோங்குட் மன்னர் காலத்தில் 1861-இல் தொடங்கியது. இன்னொரு கால் தாய்லாந்து மகுட ஆர்டர், சுலாலங்கோர்ன் மன்னர் 1869-இல் தொடங்கியது. இரண்டிலும் எட்டு எட்டு வகுப்புகள், கடைசி இரண்டும் வெறும் பொன், வெள்ளிப் பதக்கங்கள். ராணுவ அதிகாரி, காவல் அதிகாரி, ஆசிரியர், மாவட்ட எழுத்தர், எல்லோருக்கும் இதே ஏணிதான்.

ஏறும் முறைதான் வேடிக்கை. இரண்டு ஆர்டர்களும் மாறி மாறி வரும். மகுடத்தில் மூன்றாம் வகுப்பு, அடுத்து வெள்ளை யானையில் மூன்றாம் வகுப்பு, பிறகு மகுடத்தில் இரண்டாம் வகுப்பு, வெள்ளை யானையில் இரண்டாம் வகுப்பு என்று போய், உச்சியில் மகுடத்தின் சிறப்பு வகுப்பு, அதற்கும் மேலே வெள்ளை யானையின் சிறப்பு வகுப்பு. அதாவது ஒரே வகுப்பில் வெள்ளை யானைக்குத்தான் எப்போதும் ஒரு படி கூடுதல் மதிப்பு. இந்த ஒரு விதி தெரிந்தாலே, பட்டியலில் ஒருவருக்கு வெள்ளை யானை முதல் வகுப்பு வந்த ஆண்டுக்குப் பிறகு மகுடம் முதல் வகுப்பு வந்ததாக யாராவது எழுதியிருந்தால், எங்கோ தவறியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வகுப்புப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், திதி தெரிந்தவர்களுக்கு அவை தெரியும். பிரதமாபோர்ன், தவீதியாபோர்ன், திரிதாபோர்ன், சதுர்த்தாபோர்ன், பெஞ்சமாபோர்ன். பிரதமை, துவிதியை, திருதியை, சதுர்த்தி, பஞ்சமி என்று ஓட்டிப் பார்த்தால் ஒன்றிலிருந்து ஐந்து வரை சரியாக வந்துவிடும். சிறப்பு வகுப்புகளுக்கு மட்டும் தனிப்பெயர்: வெள்ளை யானைக்கு மகா பரமாபோர்ன், மகுடத்துக்கு மகா வஜிர மொங்குட்.

முழு ஜெனரல் அளவுக்கு வந்தவரிடம் இந்த இரண்டு சிறப்பு வகுப்புகளும் இருப்பது வழக்கமான விஷயம். தலைப்பில் போட்டு வியக்க வேண்டியதில்லை. "உயரிய வெள்ளை யானை விருது பெற்றவர்" என்று ஒரு தளபதியைப் பற்றி எழுதுவது, ஓய்வு பெற்ற உயர் அதிகாரியைப் பற்றி "ஓய்வூதியம் பெற்றவர்" என்று எழுதுவதற்குச் சமம் என்பது என் கருத்து. பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரேமுக்கும் இரண்டும் உண்டு, 2014 புரட்சிக்குத் தலைமை தாங்கிப் பிரதமரான பிரயுத் சான்-ஓ-சாவுக்கும் உண்டு, அவர்களோடு படித்து ஜெனரலாக ஓய்வு பெற்ற, நாம் பெயரே கேள்விப்படாத பலருக்கும் உண்டு.

படத்தில் அடையாளம் காண: வெள்ளை யானையின் நாடா சிவப்பு, ஓரங்களில் பச்சை, இரண்டுக்கும் நடுவே மெல்லிய மஞ்சள், நீலக் கோடுகள். பதக்கத்தின் நடுவில் யானை இருக்கும், அதைத் தவறவிடவே முடியாது.

இப்போது அரசரின் சொந்தக் கையிலிருந்து வந்ததைத் தேடுங்கள்

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. சுலா சோம் கிளாவ் ஆர்டர் 1873-இல் சுலாலங்கோர்ன் மன்னர் ஏற்படுத்தியது. நாடா இளஞ்சிவப்பு, அவர் பிறந்த செவ்வாய்க்கிழமைக்கு உரிய நிறம் அது. பணிமூப்பு, பதவி உயர்வு என்று கணக்குப் போட்டு இதைக் கேட்டு வாங்க முடியாது, அரசர் நினைத்தால் வரும். மேல் வகுப்புகளில் இது குடும்பத்துக்கும் போகும், ஆண் வாரிசு ஒருவர் கீழ் வகுப்பு ஒன்றைப் பெறத் தகுதி பெறுகிறார். குலத்தைத் தழைக்கச் செய்வோம் என்ற பொருளில்தான் அதன் குறிக்கோள் வாசகமே இருக்கிறது. பெண்களுக்குத் தனி வகுப்புகள் உண்டு, தாய்லாந்துச் செய்திகளில் "குன்யிங்", "தான்புயிங்" என்று பெயருக்கு முன்னால் வரும் பட்டங்கள் இந்த ஆர்டர் வழியாக வருபவை. எனவே ஒரு தளபதியின் மனைவி பெயருக்கு முன்னால் குன்யிங் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளபதியின் பட்டியலில் இந்த இளஞ்சிவப்பு எந்த ஆண்டு நுழைந்தது, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புக்குப் போனது என்று மட்டும் பார்த்தாலே, அரண்மனைக்கு அவர் எவ்வளவு அருகில் இருந்தார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். பிரேம் இதன் சிறப்பு வகுப்பையே பெற்றவர், ஆர்டரில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அதற்கும் மேலே நோப்பரத், அதாவது நவரத்தின ஆர்டர். மோங்குட் மன்னர் 1851-இல் முறைப்படுத்தியது, ஒரே வகுப்பு, மிகச் சிலருக்கு மட்டும். மஞ்சள் நாடா, ஓரத்தில் மெல்லிய சிவப்பு, நீலம், பச்சை. நம் ஊர் நவரத்தினப் பட்டியலை மனதில் வைத்து ஒப்பிட்டால் கொஞ்சம் வேறுபடும், அவர்கள் பட்டியலில் பவளம் கிடையாது, அந்த இடத்தில் சிர்க்கான் கல் வரும். இந்த ஆர்டர் பௌத்தம் சார்ந்தது, பௌத்தர்களுக்கே கொடுக்கப்படும். 2006 செப்டம்பர் 19 ராணுவப் புரட்சிக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் சோந்தி பூன்யரத்கலின் முஸ்லிம், அவர் பெயரோடு நோப்பரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண். பிரேமுக்கு இது 1988-இல் வந்தது, எட்டு ஆண்டுப் பிரதமர் பதவியிலிருந்து அவர் விலகிய அதே ஆண்டு.

இன்னும் மேலே இரண்டு உண்டு: 1882-இன் சக்ரி அரச மரபு ஆர்டர், 1962-இன் ராஜமித்ராபோர்ன். முதலாவது அரச குடும்பத்தினருக்கும் பிற நாட்டு மன்னர்களுக்கும், இரண்டாவது வெளிநாட்டு அரசுத் தலைவர்களுக்கும். சாதாரணக் குடும்பத்தில் பிறந்த தாய்லாந்து ஜெனரல் ஒருவரின் பட்டியலில் இவற்றைப் பார்த்தால் அந்தப் பட்டியலை மூடிவிட்டு வேறு பட்டியல் தேடுங்கள்.

அரச முத்திரைப் பதக்கம் என்ற சிறியது ஒன்றையும் மறக்க வேண்டாம். மன்னரின் பெயரெழுத்து பொறித்தது, ஐந்து வகுப்பு, ஒவ்வொரு மன்னருக்கும் தனித்தனி. ஒன்பதாம் ராமர் (பூமிபோல்) காலத்து முத்திரைப் பதக்கமும் அவருக்கு அடுத்த பத்தாம் ராமர் காலத்து முத்திரைப் பதக்கமும் ஒருவரிடமே இருந்தால் அவர் இரண்டு ஆட்சியிலும் அரண்மனைக்கு வேண்டியவராக இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அளவில் சின்னது என்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் தோள் பட்டையைவிட இதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

போர்ப் பதக்கங்கள்: மெதுவாகப் படிக்க வேண்டிய இடம்

ராமர் ஆர்டரிலிருந்து தொடங்குங்கள். சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) முதல் உலகப் போரில் நேச நாடுகளோடு சேர்ந்து போர் அறிவித்தது 1917 ஜூலை 22. சரியாக ஓராண்டு கழித்து, 1918 ஜூலை 22 அன்று, வஜிராவுத் மன்னர் இந்த ஆர்டரை ஏற்படுத்தினார், சியாமின் படை ஐரோப்பாவுக்குப் போயிருந்த நேரம் அது. ஆறு வகுப்புகள்: சேனாங்கபதி, மகா யோதின், யோதின், அஸ்வின், பிறகு இரண்டு பதக்கங்கள். அந்த இரண்டில் மேலானது களத்தில் காட்டிய துணிச்சலுக்கான ஊசியோடு (நாடாவில் குத்தும் சிறு சின்னம்) வரும் ராம மாலா, மற்றது வெறும் ராம மாலா. நாடா கறுப்பு, ஓரம் சிவப்பு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சேனாங்கபதி மிக உயர்ந்த வகுப்பு, பிரேமிடம் அது இருந்தது. ஆனால் அது ஒரு தலைவரின் மொத்த ராணுவச் சேவைக்குக் கொடுக்கும் மரியாதை. கீழ்மட்டத்தில் இருக்கும் துணிச்சல் ஊசியோ ஒருவர் இளம் அதிகாரியாக நேரில் சண்டையிட்டார் என்பதைச் சொல்கிறது. பிரயுத்தின் பட்டியலில் அந்த ஊசி இருக்கிறது. கம்போடிய எல்லைப் பக்கம் பதற்றமாக இருந்த எண்பதுகளில் 21-ஆவது காலாட்படை ரெஜிமெண்டில் வளர்ந்த அதிகாரி அவர். 2014 மே 22 புரட்சி, ஒன்பது ஆண்டுப் பிரதமர் பதவி ஆகியவற்றைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், பதக்க வரிசையில் அந்த ஒரு துண்டு நாடாவின் எடை வேறு. வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து "ஐந்தாம் வகுப்புதானே" என்று தாண்டிப் போகிறவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது சாய் சமரபூம், அதாவது வெற்றிப் பதக்கம். 1941-இல் தொடங்கியது, பிரெஞ்சு இந்தோசீனாவோடு நடந்த சண்டையின் சூட்டில் பிறந்தது, பிறகு மகா கிழக்காசியப் போர் (இரண்டாம் உலகப் போரின் ஆசியப் பகுதி), கொரியா, வியட்நாம் என்று நீண்டது. எந்தப் போருக்கானது என்று எப்போதும் பெயரோடு சேர்த்துக் குறியுங்கள், இல்லாவிட்டால் பயனில்லை. பிரேம் இளம் அதிகாரியாக இந்தோசீனச் சண்டையில் கம்போடிய எல்லையில் இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தின் பயாப் படையோடு பர்மாவின் ஷான் பகுதியில் உள்ள கெங்துங் வரை போனவர். அப்படிப்பட்டவரின் வரிசையில் இரண்டு போர்களையும் தேட வேண்டும்.

அதற்குப் பிந்தைய தலைமுறைக்கு பிதக் சேரிச்சோன் என்ற பதக்கம், சுதந்திர மக்களைக் காத்தவருக்கானது என்று சொல்லலாம். 1969-இல் வந்தது, உள்நாட்டில் கம்யூனிஸ்டுப் படையினரோடு நடந்த நீண்ட சண்டைக்காக. வடகிழக்கின் நா புவா கிராமத்தில் 1965 ஆகஸ்டில் முதல் மோதல் நடந்தது, பிரேம் பிரதமரான 1980-இல் வெளியிட்ட 66/2523 உத்தரவு சரணடைபவர்களுக்குக் கதவைத் திறந்த பிறகுதான் அது மெல்ல அடங்கியது. அந்த இடைவெளியில் கேப்டனாகவோ மேஜராகவோ இருந்த யாருடைய மார்பிலும் இது இல்லாவிட்டால், அவர் அந்தக் காலத்தில் எந்த மேசைக்குப் பின்னால் இருந்தார் என்று கேட்கலாம். கூடவே எல்லைப் பணிப் பதக்கமும் வரும், அது 1954 காலத்தது.

சக்கர மாலா பற்றி ஒரே வரி: ராணுவத்திலோ காவல் துறையிலோ பதினைந்து ஆண்டு ஒழுங்காக இருந்தால் கிடைக்கும்.

நினைவுப் பதக்கங்களைக் கூட்டமாகத் தள்ளி வையுங்கள்

வரிசையின் கடைசிப் பகுதி முழுக்க இவைதான். 1971 வெள்ளி விழா, 1982 பாங்காக் இருநூறாம் ஆண்டு, 1996 பொன் விழா, 2006 வைர விழா, மன்னரின் அறுபதாவது (1987), எழுபத்திரண்டாவது பிறந்த நாள்கள், 2019 பட்டாபிஷேகம் என்று போய்க்கொண்டே இருக்கும். தகுதியுள்ள அரசு ஊழியர்கள் விலை கொடுத்து வாங்கி அணிவதே இவற்றில் பெரும்பாலானவற்றின் வழக்கம். பாங்காக்கில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் பின்னால் உள்ள அட்சடாங் சாலைப் பக்கம் போனால் சீருடை, நாடா, பதக்கம் விற்கும் கடைகளைப் பார்க்கலாம். பதக்கம் சேர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது போலியும் அல்ல, அணிய உரிமை தருவதும் அல்ல. காலத்தைக் கணிக்க மட்டும் இவை நன்றாக உதவும்: ஒரு படத்தில் 1982 பதக்கம் இருந்து 1987 பதக்கம் இல்லாவிட்டால் அந்தப் படம் எப்போது எடுத்தது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

வெளிநாட்டு விருதுகள்

தரைப்படைத் தளபதி ஆன ஆண்டிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா என்று அண்டை நாடுகள் வரிசையாகக் கொடுக்கும். இது ராணுவங்களுக்கு இடையிலான மரியாதைப் பரிமாற்றம், பதவிக்கு வருவது, ஆளுக்கு வருவது குறைவு. ஒரு விதி மட்டும் நினைவிருக்கட்டும், தாய்லாந்துக்காரர் வெளிநாட்டு விருதை அணிய அரசரின் அனுமதி வேண்டும், அந்த அனுமதி அரசிதழில் வரும். அதனால் அங்கே இருக்கும் தேதி அனுமதியின் தேதி, விருது கையில் கொடுத்த தேதி அதற்கு முன்னாலேயே இருக்கும். இரண்டு இணையப் பக்கங்களில் இரண்டு ஆண்டுகள் இருப்பதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

சரிபார்ப்பது: அரசிதழில் எப்படித் தேடுவது

தாய்லாந்து அரசிதழின் பெயர் ராட்சகிச்சானுபெக்சா, மோங்குட் மன்னர் 1858-இல் தொடங்கியது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டியல் எங்கே படித்தாலும் கடைசியில் இங்கே வந்து பார்க்காமல் எழுத வேண்டாம்.

ஆங்கில எழுத்தில் பெயரைக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது, தாய் எழுத்தில் பெயரையும் குடும்பப் பெயரையும் நகலெடுத்துப் போடுங்கள். பழைய இதழ்கள் ஸ்கேன் செய்த படங்கள், உள்ளே இருக்கும் பெயர் தேடலில் சிக்காது. அப்போது அறிவிப்பின் தலைப்பையும் ஆண்டையும் வைத்துத் தேடி, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான். பல வரிசைகள் உள்ள இதழில் விருது அறிவிப்புகள் "கோ" என்று உச்சரிக்கும் இரண்டாவது தாய் எழுத்தின் வரிசையில், தகுதிநிலைப் பதிவேடு என்ற பெயரில் வரும். எண்கள் தாய் எண்களாக இருக்கும், பத்து வடிவங்கள்தான், ஒரு மாலையில் பழகிவிடலாம்.

எந்த மாத இதழைத் திறப்பது? ஏணி விருதுகள் மொத்தமாக மன்னரின் பிறந்த நாளையொட்டி வரும், பூமிபோல் காலத்தில் டிசம்பர் 5, இப்போது ஜூலை 28. சுலா சோம் கிளாவ் பட்டாபிஷேக நாளையொட்டி, முன்பு மே 5, இப்போது மே 4. அறிவிப்பு அச்சில் வர மாதங்கள் ஆகலாம், அதனால் அதே நாளோடு நின்றுவிடாமல் அடுத்த ஆண்டு இதழ்களிலும் தேடுங்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பௌத்த ஆண்டிலிருந்து 543 கழித்தால் நம் ஆண்டு, 2531 என்றால் 1988. சரி, ஆனால் 1941-க்கு முன்னால் தாய்லாந்தில் புத்தாண்டு ஏப்ரல் 1. எனவே அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு 542 மட்டும் கழிக்க வேண்டும். 2480 பிப்ரவரி என்றால் 1938 பிப்ரவரி, 1937 அல்ல. பிபுன்சோங்கிராம் போன்ற முப்பதுகளின் ராணுவத் தலைவர்களைப் பற்றிய பட்டியல்களில் ஓராண்டு முன்பின்னாக இருப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான். மாற்றம் நடந்தபோது 2483-ஆம் ஆண்டுக்கு ஒன்பது மாதம்தான், ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது. அதற்கும் முன்னால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை, ரத்தனகோசின் ஆண்டு என்று இன்னொன்று. அதோடு 1781 கூட்டுங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை 1782.

தமிழில் எழுதும்போது

தாய்லாந்தில் பெயருக்குப் பின்னால் விருதுகளின் முதலெழுத்துகளைப் போடுவார்கள். வெள்ளை யானை சிறப்பு வகுப்புக்கு மோ. போ. சோ., மகுடம் சிறப்பு வகுப்புக்கு மோ. வோ. மோ. என்று. இதைத் தமிழ் எழுத்தில் சுருக்கமாக எழுதப் போனால் தாய் மொழியின் நாலைந்து வேறு எழுத்துகள் ஒரே "சோ"வில் வந்து குவியும், யாருக்கும் புரியாது. ஆர்டரின் பெயரையும் வகுப்பையும் முழுதாக எழுதிவிடுங்கள். ஒரே ஆர்டரில் மேல் வகுப்பு வந்துவிட்டால் அணிவது மேல் வகுப்பை மட்டுமே, ஆகவே எல்லா வகுப்பையும் அடுக்க வேண்டியதில்லை, கடைசியை எழுதினால் போதும். சுலா சோம் கிளாவுக்கு மட்டும் விதிவிலக்காக எல்லா ஆண்டுகளையும் எழுதுவது நல்லது, காரணம் மேலே சொன்னதுதான்.

தாய்லாந்தில் இருந்துகொண்டு இணையத்தில் எழுதுகிறவர்கள் குற்றவியல் சட்டத்தின் 112-ஆவது பிரிவை நினைவில் வைத்திருக்க வேண்டும். மன்னரையோ அரசியையோ வாரிசையோ ஆட்சிப் பொறுப்பாளரையோ அவமதித்ததாகத் தீர்ப்பானால் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. விருது யாருக்கு ஏன் கொடுத்தார்கள் என்ற கிண்டலை அங்கே நின்றுகொண்டு செய்ய வேண்டாம்.

அப்புறம், வெளியிடுவதற்கு முன் திரும்பப் பெற்ற அறிவிப்புகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கொடுத்தது அரசிதழில் வருவது போலவே பறித்ததும் வரும். ராணுவத்தவர் இல்லை, காவல் துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவர் என்றாலும் முன்னாள் பிரதமர் தக்சின் சினவத்ராவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்: அவருடைய விருதுகள் 2019 மார்ச் இறுதியில் அரச ஆணையால் திரும்பப் பெறப்பட்டன. அந்தத் தேதிக்கு முன்னால் எழுதிய பட்டியலை அப்படியே நகலெடுத்தவர்கள் பக்கத்தில் எல்லாப் பட்டைகளும் இன்னும் இருக்கும்.